அவர் தோளில் இருந்த பை

கார்குழலி சரக்கு ரயில் ஓட்டுகிறவள். வியாசர்பாடியில் பிறந்து, அங்கேயே குடியிருப்பு வாரிய வீட்டில் வளர்ந்து, டிப்ளமோ முடித்து, ரயில்வே பரீட்சையில் தேறி உதவி ஓட்டுநராகச் சேர்ந்தாள். இப்போது லோகோ பைலட். எண்ணூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி வேகன்களை இழுத்து வருவதும், காலி வேகன்களைத் திருப்பிக் கொண்டுபோவதும்தான் பெரும்பாலும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா யசோதராவும் அவளும் மட்டும்தான் வீட்டில்.

ஓய்வு நாட்களில் அவள் தோல் தைப்பாள். டார்ச் லைட்டுக்கு ஓர் உறை வேண்டியிருந்ததில் தொடங்கியது அது. கடையில் வாங்கிய ரெக்ஸின் உறை எஞ்சின் சூட்டில் உரிந்து உரிந்து கரிபோல உதிர்ந்தது. பெரியமேட்டுக்குப் போய் ஒரு துண்டுத் தோல் வாங்கிவந்து, போனில் வீடியோ பார்த்துத் தானே தைத்தாள். கோணல்மாணலாகத்தான் வந்தது. ஆனாலும் அதை இடுப்பில் செருகிக்கொண்டு டியூட்டிக்குப் போன அன்று அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. யசோதராவின் அப்பா தோல் பதனிடும் கொட்டகையில் வேலை செய்தவர். அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் யாரும் பக்கத்தில் உட்காரவைக்கவில்லை.

"இன்னாடி இது, வூட்டுக்குள்ள இந்த நாத்தம்? எங்கப்பா வேற வழி இல்லாம தொட்டாரு. நீ பொழுது போவலன்னு தொட்றியா?"

"பிடிச்சிருக்குமா. யாரும் என்னைச் செய்யச் சொல்லல, அதனாலதான் பிடிச்சிருக்கு."

யசோதரா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். மகள் பால்கனியில் உட்கார்ந்து தட்டும்போது உள்ளே இருந்து கதவைச் சாத்திக்கொள்வாள்.

எல்லாரையும்போலக் கார்குழலியும் முதலில் ஆன்லைனில் ஒரு பெரிய பெட்டியாகக் கருவிகள் வாங்கினாள். பாதிக்கு மேல் எதற்கென்றே தெரியவில்லை. துளை போடும் உளியின் பற்கள் இரண்டாம் வாரமே வளைந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகக் கழித்தாள். நல்ல எஃகில் ஒரு கத்தி, நான்கு பல் உளி ஒன்று, உளியைத் தட்ட ஒரு மரக் கொட்டாப்புளி, இரண்டு மொட்டை ஊசி, தேன்மெழுகு. இவை போதும் என்று தெரிய ஒரு வருஷம் ஆனது. தையல் மெஷின் பக்கம் அவள் போகவே இல்லை. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வாங்குகிற தையல்தான் அவளுக்குப் பிடித்தது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றது விட்டுப்போகாது.

தோலையும் அப்படித்தான் தெரிந்துகொண்டாள். பெரியமேட்டுக் கடைக்காரர் பாய் இரண்டு துண்டுகளை அவள் கையில் கொடுத்துக் கசக்கிப் பார்க்கச் சொன்னார். ஒன்று குரோம் ரசாயனத்தில் பதனிட்டது, துணிபோலக் குழைந்தது. மற்றது ஆவாரம் பட்டையில் பதனிட்டது, விறைப்பாக நின்றது. "இது சொன்னபடி கேக்காதும்மா. ஆனா ஒருதபா வளைச்சீங்கன்னா அப்பிடியே நிக்கும். எதையும் மறக்காது" என்றார். நகம் பட்ட கீறல்கூட அதில் அப்படியே நின்றது.

தோல் வேலை பழகப்பழக அவள் பார்வை மாறியது. பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் பெல்ட், டீக்கடையில் காலாட்டுபவரின் செருப்பு எல்லாவற்றிலும் தையலைத்தான் முதலில் பார்த்தாள். கைத்தையலா மெஷினா என்று ஒரு கணத்தில் சொல்லிவிடுவாள். ஆட்களின் முகத்தை அப்புறம்தான் பார்ப்பாள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, நிலக்கரி நிரம்பிய ரயிலோடு கொருக்குப்பேட்டையை நெருங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் உதவி ஓட்டுநர் பென்னி, ராயபுரத்துப் பையன். இடப்பக்கத் தண்டவாளத்தில் ஒரு காலி ரயில் நின்றிருந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு மனிதர் குறுக்கே வந்தார். ஹாரன் அடித்தாள். எமர்ஜென்சி பிரேக்கை முழுவதுமாகப் போட்டாள். அத்தனை எடை அத்தனை சீக்கிரம் நிற்காது என்று தெரிந்தே போட்டாள்.

அந்த ஒரு கணத்தில் அவள் பார்த்தது அவர் தோளில் இருந்த பையை. பழுப்புத் தோல் பை. மார்புக்குக் குறுக்கே பட்டை. மூடி வளைந்து முன்னால் விழுந்திருந்தது. அதன் ஓரத்தில் வெளிர் நூலில் கைத்தையல், எல்லாக் கண்ணியும் ஒரே பக்கம் சாய்ந்து. பிறகு ரயில் அவரைத் தாண்டிப் போய் நின்றது.

ரயில்வே போலீஸ் நிலையத்தில் வாக்குமூலம் எழுதிக்கொண்ட ஏட்டு கேட்டார், "ஆள் முகத்தப் பாத்தீங்களா?"

"இல்ல சார். தோள்ல பை மாட்டியிருந்தாரு. தோல் பை."

"பை எதுவும் கெடைக்கலியேம்மா. ரெண்டு பக்கமும் தேடிட்டாங்க."

கூட்டத்தில் யாராவது எடுத்துப் போயிருப்பார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார். செத்தவர் பெயர் இன்னாசி, ராயபுரம், காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை என்பது மாலையில் தெரிந்தது. கொருக்குப்பேட்டையில் அவருக்கு என்ன வேலை என்பது யாருக்கும் தெரியவில்லை.

சில நாள் ஓய்வு கொடுத்தார்கள். ரயில்வே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பேசினார். ரயில் ஓட்டுகிற எல்லாருக்கும் ஒருநாள் இது வரும் என்று மூத்த ஓட்டுநர்கள் தோளைத் தட்டினார்கள். அவள் மறுபடி வண்டி ஏறினாள்.

கொருக்குப்பேட்டை வரும்போதெல்லாம் அந்தப் பை தெரிந்தது. ஆள் இல்லை. இடுப்புயரத்தில் பை மட்டும், கண்ணின் ஓரத்தில், நடக்கிற மனிதனின் இடுப்பில் ஆடுவதுபோல லேசாக ஆடிக்கொண்டு. திரும்பிப் பார்த்தால் சரளைக்கல்லும் காட்டாமணக்கும்தான். கொஞ்ச நாளில் அது கொருக்குப்பேட்டையைத் தாண்டியும் வந்தது. பேசின் பிரிட்ஜ் பிளாட்பாரத்தில் கூட்டத்துக்கு நடுவே ஒருதரம். வீட்டுக்கு ஏறும் மாடிப்படித் திருப்பத்தில் ஒருதரம். ஒரு மனிதனின் சாவைப் பார்த்துவிட்டு அவன் பையை மட்டும் நினைவில் வைத்திருக்கிற ஜென்மமா நான் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். கழுத்துக்கு மேல் ஒன்றுமே வரவில்லை.

ஒருநாள் பென்னியிடம் கேட்டாள். "அன்னிக்கு அந்தப் பைய நீ பாத்தியா?"

பென்னி சிக்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் கண்ண மூடிகினேன்க்கா. யார்கிட்டயும் சொல்லாத."

ஆக, அதைப் பார்த்தது அவள் மட்டும்தான். தைத்துவிட்டால் விட்டுப் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றே பெரியமேட்டுக்குப் போனாள்.

முதல் பையை, வெட்ட எளிது என்று குரோம் தோலில் தைத்தாள். மாட்டிப் பார்த்ததும் தப்பு என்று தெரிந்துவிட்டது. இது உடம்போடு ஒட்டித் தொங்கியது. அவருடையது அவர் அசைந்தபோதும் தன் வடிவத்தைவிட்டு அசையவில்லை. இரண்டாவதை ஆவாரம் பட்டைத் தோலில் வெட்டினாள். கன்றுத் தோல், மெல்லியது. மூடி அந்த வளைவில் விழவில்லை. அதையும் பிரித்துப் போட்டாள். மூன்றாவதற்கு எருமைத் தோல் எடுத்தாள், தடிமனாக. தண்ணீரில் நனைத்து, ஒரு கட்டைமேல் கவிழ்த்து, மூடியைக் கையாலேயே அழுத்தி வளைத்துக் காயவிட்டாள். விளக்கெண்ணெய் தடவி வெயிலில் வைத்தாள். நிறம் நாளுக்கு நாள் இறங்கி அந்தப் பழுப்புக்கு வந்தது. வெள்ளை நூல் கண்ணைப் பறித்தது. டீத்தண்ணீரில் முக்கி மெழுகு பூசினாள். எது சரி என்று அவளுக்கு முன்கூட்டித் தெரியாது. தப்பானது மட்டும் கை பட்டதுமே தெரிந்தது. அவள் தைக்கவில்லை, யாரோ தலையாட்டி மறுத்து மறுத்துத் தைக்கவைக்கிறார்கள் என்றுதான் இருந்தது.

யசோதரா பால்கனிக் கதவைத் திறந்து நின்றாள். "யாருக்குடி இது?"

"யாருக்கும் இல்லமா."

"யாருக்கும் இல்லாததயா மூணாவது தபா அறுக்கிற?"

கார்குழலி ஊசியை இழுத்து அடுத்த கண்ணிக்குப் போனாள். மகளின் விரல்களில் நூல் அறுத்த கோடுகளை அம்மா பார்த்தாள். அன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை.

பை முடிந்தது. கதவுக்குப் பின்னால் மாட்டினாள். அது அவள் பார்த்த பையேதான், சந்தேகமே இல்லை. ஆனால் விட்டுப் போகவில்லை. நைட் டியூட்டி முடித்துப் பகலில் தூங்கி எழும்போது, கதவோரம் பைக்குப் பின்னால் ஒருவர் நிற்கிற கனம் இருந்தது. பட்டை யாரோ தோளில் ஏற்றியதுபோல இறுகி நின்றது. இனி இதை வீட்டில் வைத்திருக்க முடியாது என்று முடிவு செய்தாள்.

இன்னாசியின் குடும்பத்தைப் பென்னிக்குத் தெரிந்திருந்தது. அவர்களும் அவன் போகிற மாதா கோயில்காரர்கள்தான். ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு, ராயபுரத்தில் மீன் கூடைகள் கவிழ்த்துக் கிடந்த ஒரு சந்துக்குள் அவளை அழைத்துப் போய் விட்டுவிட்டு, தான் முனையிலேயே நின்றுகொண்டான்.

இன்னாசியின் மனைவி சிலுவையம்மாள் வாசலில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா அன்னிக்கு அந்த ரயில ஓட்டுனது" என்றாள் கார்குழலி. வழியெல்லாம் வேறு என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வாயில் வந்தது இதுதான்.

சிலுவையம்மாள் கையை உதறிவிட்டு எழுந்தாள். "உள்ள வா. உக்காரு" என்றாள். தண்ணீர் கொடுத்தாள்.

கார்குழலி பையை எடுத்து மடியில் வைத்தாள். "அவரோட பை போலீசுக்குக் கெடைக்கலன்னாங்க. நான் பாத்தத வெச்சி அதே மாதிரி தெச்சிருக்கேன்."

"அவுருக்கு ஏதும்மா பை?" சிலுவையம்மாள் சுவரைக் காட்டினாள். ஆணியில் ஒரு மஞ்சள் துணிப்பை தொங்கியது. "அவுரு வெச்சிகினு இருந்தது அது ஒண்ணுதான். அன்னிக்கு அதையும் எடுத்துகினு போவல. தோல் பையெல்லாம் அவரு தொட்டதே கெடையாது."

கார்குழலி பையின் மேல் கை வைத்து மறைத்தாள். மடியில் இருந்த பை கனத்தது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். அதற்குள் சிலுவையம்மாள் கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன், மெய்யாலுமே சொல்லு. அவுரு நின்னுகினு இருந்தாரா, நடந்துகினு இருந்தாரா? அவராப் போயி வுழுந்துட்டாருன்னு தெருவுல சொல்லிகினு கீறாங்கோ. யாரும் என் மூஞ்சிக்கு நேரா சொல்றதில்ல."

"நடந்துகினு இருந்தாரும்மா. ஒரு கையால பட்டையப் புடிச்சிகினு."

"எப்பிடின்னு காட்டு."

கார்குழலி எழுந்தாள். பையை மார்புக்குக் குறுக்கே மாட்டினாள். பட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன அறையில் நடந்து காட்டினாள். சிலுவையம்மாள் அவள் காலையும் கையையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கியோ போயிகினு கீறாரு" என்றாள். "சாவப் போறவன் பைய மாட்டிகினு, அத்தப் புடிச்சிகினு போவானா? எங்கியோ போயிட்டு வூட்டுக்குத் திரும்பி வரத்தான் பாத்துகீறாரு."

"ஆனா அவருக்குப் பையே கெடையாதுன்னு சொன்னீங்களே."

"நீ பாத்தேன்றியேம்மா." சிலுவையம்மாள் கையை நீட்டினாள். "குடு. இங்க இருக்கட்டும்."

வெளியே வந்ததும் பென்னி என்ன ஆச்சு என்று கேட்டான். "வாங்கிகினாங்க" என்றாள். பார்த்ததை மட்டும்தான் தைத்தோம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தாள். எங்கிருந்து வந்தது அந்தப் பை? எப்போதோ, எவர் தோளிலோ பார்த்ததா? வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் பார்த்தாள். வெறும் கொக்கி.

இன்னாசியின் முதல் வருஷ நினைவு நாளுக்குச் சிலுவையம்மாள் பென்னியிடம் சொல்லி அனுப்பினாள். பூசை முடிந்து வீட்டில் டீயும் வடையும் கொடுத்தார்கள். மாலை போட்ட படத்துக்குக் கீழே பை மாட்டியிருந்தது. அதற்குள் இன்னாசியின் மூக்குக் கண்ணாடி, ஜெபமாலை, வாக்காளர் அட்டை எல்லாம் இருந்தன. இன்னாசியின் அண்ணன் அருளப்பன் வந்தவர்களுக்கெல்லாம் அதைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். கார்குழலியை அவருக்கு யாரென்று தெரியாது. அவளிடமும் வந்தார்.

"பர்மா பஜார்ல நான்தான் வாங்கிக் குடுத்தேன், அவன் பொறந்த நாளுக்கு. அன்னிக்கும் இத்த மாட்டிகினுதான் போனான். ரயில்வேல திருப்பிக் குடுத்துட்டாங்கோ." அவர் கண் கலங்கியது. மூடியின் ஓரத்தை விரலால் நீவினார். "இன்னா தையலு பாரும்மா. ஒரு நூலு அவுரல."

அவர் முகத்தில் பொய் இல்லை. வாங்கிய கடை, பேரம் பேசியது, அன்று பெய்த மழை எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. சமையல் தடுப்பின் ஓரத்திலிருந்து சிலுவையம்மாள் கார்குழலியைப் பார்த்தாள். அந்தப் பார்வை எதையும் கேட்கவில்லை.

"நல்ல தோலுங்கய்யா" என்றாள் கார்குழலி. டீயைக் குடித்து முடித்தாள்.

அதன் பிறகு அவளுக்கு அந்தப் பை எங்கேயும் தென்படவில்லை. பிளாட்பாரத்திலும் இல்லை, மாடிப்படியிலும் இல்லை. இன்னமும் தோல் தைக்கிறாள். பை மட்டும் தைப்பதில்லை. பென்னிக்குப் புது டார்ச் உறை தைத்துக் கொடுத்தாள். அம்மாவின் கண்ணாடிக்கு ஆட்டுத் தோலில் ஒரு கூடு தைத்தாள். யசோதரா அதை முகர்ந்து பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆனால் கொருக்குப்பேட்டை வரும்போது இப்போது ஒரு ஆள் நிற்கிறார். கைகள் வெறுமையாகத் தொங்குகின்றன. தோளில் ஒன்றும் இல்லை. எங்கேயும் போகிறவர்போலவும் தெரியவில்லை. அவள் ஹாரனை அழுத்துகிறாள்.

பென்னி ஜன்னலில் எட்டிப் பார்க்கிறான். "லைன்ல ஒருத்தரும் இல்லக்கா."

"தெரியும்டா" என்கிறாள். அந்த இடம் முழுக்கப் பின்னால் போகும்வரை ஹாரனிலிருந்து கையை எடுப்பதில்லை.