அழுவதற்கு விட்ட இடம்

அண்ணன் இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை. தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது விழுப்புரத்தில். அப்பாவுக்குக் கூலி வேலை. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோதே அம்மா போய்விட்டார். கோயில் பேண்டில் அண்ணன் கிளாரினெட் கற்றுக்கொண்டார். தொண்ணூற்று மூன்றில் நான் கணவரை இழந்து திண்டிவனத்தில் தனியாக நின்றேன். அண்ணன் ஒரு பையும் கிளாரினெட் பெட்டியுமாக வந்து சேர்ந்தார். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேம்மா" என்றார். போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இங்கேயே சாவுக்கு வாசிக்கும் பேண்டு செட்டில் சேர்ந்துவிட்டார்.

அண்ணன் பெரிய வித்வான் இல்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. மொபெட்டிலிருந்து விழுந்ததில் முன்பல் இரண்டு போயிற்று. அதற்குப் பிறகு வாசிக்கும்போது காற்று ஒழுகும். டிரம் அடிப்பவர் கிண்டல் செய்வார்: "இன்னா அண்ணாத்தே, டியூபு பஞ்சரா?"

"ஆமாய்யா, நீ தள்ளிக்கினு வா" என்பார் அண்ணன்.

ஆனாலும் சாவு வீட்டார் அவரைத்தான் கேட்டு வருவார்கள்.

ஒரு முறை எங்கள் தெருவிலேயே ஒருவர் இறந்தார். அவர் மனைவி காலையிலிருந்து வாய் திறக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவர் பக்கம் திரும்பி நின்று வாசித்தார். பாட்டு நடுவில் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார். டிரம் மட்டும் மெதுவாகக் கேட்டது. இறந்தவரின் மகன் சத்தம் போட்டான். "இன்னாய்யா நின்னுட்ட? வாசி!"

"உங்கம்மா அழுவுறாங்க தம்பி. கேளு" என்றார் அண்ணன்.

சோறு போடும்போது அதைப் பற்றிக் கேட்டேன். "அழறதுக்கு எடம் வுடணும்மா. நாமளே வாசிச்சிக்கினு இருந்தா அவங்க எங்க அழுவாங்க?" என்றார்.

விழுப்புரம் செட்டில் சேகர் என்று ஒரு தம்பி. கோயில் திருவிழாவில் கிளாரினெட் வாசித்தார். விரல் பறந்தது. "உன்னவிட நல்லா வாசிக்கிறாருண்ணா" என்றேன்.

"ஆமாம்மா, ரொம்ப நல்லா வாசிக்கிறான். நிறுத்தத்தான் இன்னும் தெரியல" என்று சிரித்தார்.

கடைசியில் நுரையீரல் கெட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, "என் சாவுக்கு வாசிக்க சேகரக் கூப்புடு" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தத் தம்பி வாசித்தால் ஊரெல்லாம் அவரைத்தான் பார்க்கும், அண்ணனை யார் நினைப்பார்கள் என்று பயந்தேன். அண்ணன் போனதும், அவர் சொன்ன வார்த்தைக்காகக் கூப்பிட்டு அனுப்பினேன்.

சவப்பெட்டியைத் தூக்கினார்கள். சேகர் முன்வரிசையில், அண்ணன் நடக்கும் இடத்தில் நடந்தார். அண்ணன் எப்போதும் வாசிக்கும் பாட்டுதான். டிரம்மும் டிரம்பெட்டும் தொடங்கின. கிளாரினெட் சேர வேண்டிய இடம் வந்தது. சேகர் அதை வாயில் வைக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தார். மற்றவர்கள் அடக்கி வாசித்தார்கள். கல்லறை வரைக்கும் அப்படியே.

ஆஸ்பத்திரியில் நான் அழவில்லை. பெட்டியை மூடும்போதும் அழவில்லை. அந்தத் தெருவில் நடக்கும்போது அழுதேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த பக்கத்து வீட்டாருக்கும், பெட்டியைச் சுமந்தவர்களுக்கும், பங்குத்தந்தைக்கும், பேண்டு செட்டாருக்கும் நன்றி.

அண்ணனின் கிளாரினெட் வீட்டில் இருக்கிறது. சாயங்காலம் எடுத்துத் துடைத்து வைக்கிறேன். வாசிக்க ஆள் இல்லை.

சேகர் தம்பி, ஒரு நாள் வந்து அதை எடுத்துக்கொண்டு போங்கள். நிறுத்த உங்களுக்குத் தெரியும்.