ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் ஆசிரியர் கூட்டம். எங்களுடையது மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளி. அந்த வருடம் கணக்கு டீச்சர் பாதியில் வேலையை விட்டுப் போய்விட, மழை விடுமுறையெல்லாம் கழிந்த பிறகுதான் நான் வந்து சேர்ந்தேன். பிள்ளைகள் கணக்கில் கொத்துக்கொத்தாகக் கோட்டை விட்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

இனி என்ன செய்யலாம் என்று ஹெச்.எம். கேட்டதும் ஆளாளுக்கு அள்ளிவிட்டார்கள். தினம் ஒரு டெஸ்ட், காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் இன்னொன்று. அதையெல்லாம் எடுக்கப்போகிறவள் நான்தானே?

பேச்சு கடைசியில் ஒரு நொச்சிக்குப்பத்துப் பெண்ணிடம் வந்து நின்றது. அவளுக்குக் கணக்கு மட்டும்தான் போயிருந்தது. துணைத்தேர்வு எழுதித் தேறினால் பதினொன்றில் சேர்ந்துவிடலாம். ஆனால் படித்தது போதும் என்று அவள் அம்மா முடிவு வந்த அன்றைக்கே தன் மீன் கடையில் உட்கார வைத்துவிட்டதாகத் தோழிகள் சொல்லியிருந்தார்கள். அம்மாவைக் கூப்பிட்டுப் பேசலாமே என்றேன். அந்தம்மா வராது, குப்பத்துக்காரர்களுக்கு அக்கறையே கிடையாது, ஒரு பெற்றோர் கூட்டத்துக்காவது தலையைக் காட்டியிருக்கிறார்களா என்றார்கள்.

கூட்டம் என்றைக்கு வைப்பீர்கள் என்று கேட்டேன். வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதாக எப்போதும் ஞாயிறு காலைதான் என்றார் ஹெச்.எம்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நான் மீன் தின்கிறவள். ஞாயிறு காலையில் குப்பத்து மீன் கடைகள் இருக்கும் சாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அவர்களுக்கு வாரத்தின் வியாபாரமே அந்த ஒரு காலைதான். எங்கள் அறையில் பாதிப் பேர் வீட்டில் மீன் நுழைந்ததே இல்லை. அவர்களுக்கு ஞாயிறு என்றால் லீவு, அவ்வளவுதான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வையுங்கள் என்றேன். ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆத்துல விளக்கேத்தற நேரமாச்சேம்மா."

"அதனாலதான் மேடம், வெள்ளிக்கிழமை யாரும் மீன் வாங்க மாட்டாங்க, அவங்களுக்கு வியாபாரம் இருக்காது."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சரி என்றார். பாவம், அவரும் அந்த வருடம் நொந்துதான் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை, தேறாத பிள்ளைகளின் அம்மாக்கள் குப்பத்திலிருந்து துவைத்த புடவையும் தலையில் பூவுமாக வந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஹெச்.எம். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தார். பழக்கதோஷம், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நீங்கள் வரவில்லையே என்று அவரிடம் கேட்டுவிட்டார்.

அந்தம்மா எழுந்தார். குரல் உயரவே இல்லை.

"வந்துகினுதான் கீறேன் மேடம். ஞாயித்துக்கெழம கடைய உட்டுட்டு வர முடியாது. ஒவ்வொரு தபாவும் மறுநாளு திங்கக்கெழம வருவேன். மீட்டிங்கு நேத்தே முடிஞ்சிடுச்சின்னு கேட்டாண்டயே திருப்பி அனுப்பிடுவாங்கோ."

வாட்ச்மேனைக் குறை சொல்ல முடியாது. பள்ளி நேரத்தில் யாரையும் உள்ளே விடாதே என்று சொல்லி வைத்திருந்ததே பள்ளிதான். ஹெச்.எம். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலத்தில் நானே சொல்லித் தருகிறேன், ஞாயிறு வேண்டாம், பெண்ணை அனுப்புங்கள் என்றேன். அந்தம்மா தலையாட்டினார்.

"எழுதட்டும் டீச்சர். சாயங்காலம் கடைய நான் பாத்துக்கறேன். ஆனா திங்கக்கெழம நான் வந்தா கேட்டத் தொறக்கச் சொல்லுங்கோ."

அந்த வெயிலில் நானும் அந்தப் பெண்ணும் பட்ட பாடு கொஞ்சமல்ல. காலையெல்லாம் கடையில் நின்றுவிட்டு வந்து கொட்டாவி விடுவாள். நான் திட்டுவேன், அப்புறம் எனக்கே கொட்டாவி வரும். தட்டுத்தடுமாறித் தேறிவிட்டாள்.

முடிவு வந்த பிறகு ஒரு திங்கட்கிழமை, ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாக அந்தம்மாவைப் பார்த்தேன். வாட்ச்மேன் கேட்டை அகலமாகவே திறந்து வைத்திருந்தார். அந்தம்மா உள்ளே வராமல் ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷம் கேட்டிலிருந்தே திரும்பிப் போன பழக்கம். இறங்கிப் போய், கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன்.