பறிக்க ஒன்றுமில்லாதவன்

தீவை விட்டு வெளியேறும் இல்-பிசார் பாலத்தின் நடுவில் வரும்போது பையின் வார் அறுந்தது. பையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். பேருந்து வர நேரமாகும். அண்ணையின் வீட்டுக்குப் பக்கத்தில் நின்று அதற்குக் காத்திருக்க எனக்கு மனமில்லை.

அண்ணை என்றால் பெரியப்பாவின் மகன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. அவர் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்தேன். வாடகைக்குப் பதிலாக வாசல் பனியை அள்ளினேன். அதற்கு முந்திய தை மாதம் கொஞ்சம் வெயில் எறித்ததும் அண்ணை வாசலில் காரைக் கழுவினார். தண்ணீர் இரவோடு உறைந்தது. காலையில், வீடு மாறி வந்த தபாலைக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பல் வைத்தியர் அதில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு நொறுங்கியது. தொழிலை விட வேண்டியதாயிற்று.

வீட்டுக் காப்புறுதி ஓர் எல்லைவரைதான் கொடுக்கும். வைத்தியர் கேட்ட நட்டஈடு அதைத் தாண்டியது. மிச்சத்துக்கு அண்ணையின் வீடும் சேமிப்பும்தான். இதற்கென்றே குடைக் காப்புறுதி என்று ஒன்று உண்டு. வீட்டுக் காப்புறுதி முடிகிற இடத்தில் அது தொடங்கும். முகவர் முன்பொருநாள் தேநீர் குடித்தபடி அதைச் சொன்னபோது நானும் இருந்தேன். அண்ணை சிரித்தார்.

"இஞ்சை கொட்டுறது பனி. குடையை வைச்சு என்ன செய்யிறது?"

இப்போது என்னைக் கூப்பிட்டார். பனி அள்ளுவதைத் தொழிலாகச் செய்கிறவன் நான், உப்புப் போட மறந்தவனும் நான் என்று கையொப்பம் வைக்கச் சொன்னார். வைத்தால் நட்டஈடு என் தலையில் விழும்.

"உன்னட்டைப் பறிக்க என்ன கிடக்கு, தம்பி? எனக்கெண்டால் வீடு போயிடும்."

பயந்துதான் போயிருந்தார். ஆனால் என்னோடு வேலை செய்த ஒருவனின் சம்பளத்தில் பழைய கடனுக்காக நீதிமன்றம் பிடித்துக்கொண்டே இருந்ததை நான் பார்த்தவன்.

"இப்ப ஒண்டுமில்லை அண்ணை. நாளைக்கு உழைப்பன். அதைத்தான் பறிப்பாங்கள்."

இருக்க இடம் தந்ததை அவர் நினைவூட்டினார். அள்ளிய பனியை நான் நினைவூட்டினேன். யாரும் கேட்டால் கார் கழுவியதைச் சொல்வேன் என்று சொல்லிவிட்டுப் பையைக் கட்டினேன்.

அன்று சென்ட் லோரன்ட் பகுதியில் தெரிந்தவர் ஒருவரின் அறையில் படுத்தேன். மறுநாள் காலை ஒரு துணிக் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் வேலை கிடைத்தது. சம்பளம் கையில் காசாக வேண்டுமா, காசோலையாகவா என்று மேற்பார்வையாளர் கேட்டார். அதுவரை எங்கும் கையில்தான் வாங்கியிருந்தேன்; எந்தக் கணக்கிலும் என் பெயர் இருந்ததில்லை. காசோலை என்றேன். என் முழுப்பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.