பழைய டிராக்டருக்கு ஐந்தாம் நம்பர் ஆயில்

எண்ணெய்க் கடை என்றால் நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா என்று கேட்கிற ஊரில், இஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் விற்றுப் பிழைப்பவன் நான். கடை காஞ்சிபுரத்திலிருந்து செவிலிமேடு போகிற வழியில். வருகிற அத்தனை பேரும் நிபுணர்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த வேதனையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

முசரவாக்கம் ஏகாம்பரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவருடையது அப்பா காலத்து டிராக்டர். கியர் பெட்டிக்குள் தண்டைத் தாங்குகிற வளையங்கள் வெண்கலம், புஷ் என்போம். தேய்ந்தால் வேறு வாங்க முடியாது, இப்போது யாரும் செய்வதில்லை. வண்டி படுத்தால் அவருடைய நடவு அடுத்தவர் தயவில்தான்.

விரல் சொல்லும் தரம்

ஏகாம்பரம் தனியாக வரமாட்டார். சின்ன காஞ்சிபுரத்தில் தறி போட்டிருக்கும் தாமோதரன் என்ற கூட்டாளியும் கூடவே வருவார். இவர் டிராக்டரில் ஏறியதுகூடக் கிடையாது. ஆனால் பட்டு நூலைத் தொட்டே தரம் சொல்கிற கை என்று பெயர்.

பழைய இஞ்சினுக்கு ஏற்ற முப்பதாம் நம்பர் ஆயிலை எடுத்து வைத்தேன். அந்தக் கை டின்னுக்குள் போனது. இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்து, கண்ணை மூடி யோசித்து, உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல ஒடம்பே இல்லபா. ரெண்டு இழை கம்மியா இருக்குது."

கறுத்த கதை

அப்படியும் வாங்கிப் போனவர்கள், பத்தே நாளில் திரும்பி வந்தார்கள். ஆயில் கறுத்துவிட்டதாம். உள்ளே இருக்கிற அழுக்கைக் கரைத்து எடுக்கிற ஆயில் கறுக்கத்தான் செய்யும், வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றேன். தாமோதரன் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாயம் போற சரக்க வித்துட்டு என்னா பேச்சு பேசறார் பாரு!"

நாலும் ஐந்தும்

அடுத்தது கியர் ஆயில். ஜி.எல். நாலு என்கிற ரகத்தை எடுத்து வைத்தேன். பக்கத்திலேயே ஜி.எல். ஐந்து இருந்தது தாமோதரன் கண்ணில் பட்டுவிட்டது. நாலைவிட ஐந்து பெரியதாயிற்றே! ஐந்தில் கந்தகம் அதிகம், வெண்கலத்தை அரித்துவிடும் என்று மூன்று முறை சொன்னேன். ஏகாம்பரம் மூன்று முறையும் தலையாட்டிவிட்டு, கூட்டாளியின் முகத்தைப் பார்த்தார்.

எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று ஐந்தையே எடுத்துக் கொடுத்தேன். படியிறங்கும்போது தாமோதரன் என் காதில் விழும்படியே சொன்னார்.

"பாத்தியா? நல்ல சரக்க ஒளிச்சி வெச்சிக்கினு இருந்தாரு. நாமதான் கேட்டு வாங்கணும்."

வாளியில் தங்கம்

அடுத்த போகத்துக்கு ஏரித் தண்ணீர் திறந்த வாரம். கியர் விழவில்லை என்று, பெட்டியிலிருந்து வடித்த ஆயிலை வாளியோடு கொண்டுவந்தார்கள். வெயில் பட்டதும் உள்ளே பொடிப்பொடியாக மஞ்சளாக மின்னியது. அத்தனையும் வெண்கலம். தாமோதரன் விரலை விட்டுப் பார்த்தார், முகமெல்லாம் பூரிப்பு.

"தங்கமாட்டம் மின்னுது பாருபா! சரக்குன்னா இது சரக்கு!"

மின்னுவது புஷ் என்று சொன்னேன். தாமோதரனுக்கு உடனே தறியில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. ஏகாம்பரம் வாளியைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை, எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

"அவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும் இல்ல, ஏன்ணா குடுத்தீங்க?"

வாங்க வருகிறவர்களின் அறியாமையைப் பற்றி மணிக்கணக்கில் பேச இன்றைக்கும் நான் தயார், கேட்கிறவர் ஏகாம்பரமாக இல்லாத வரைக்கும்.