தோல்வியை விழுங்கிய வரி

குளிர்பெட்டியின் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. கன்டெய்னர் முழுக்க ஏற்றுமதிக்கு அடைத்த நண்டுச்சதை. மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் தூத்துக்குடி வெயிலில் கிடந்திருக்கிறது. அட்டைப்பெட்டிகளுக்கு அடியிலிருந்து மஞ்சளாக வழிந்த நீர் என் செருப்பை நனைத்தது. அந்தச் செருப்பை அன்றே எறிந்துவிட்டேன்.

துறைமுகத்துக்கு வெளியே இருந்த அந்தக் கன்டெய்னர் யார்டில் குளிர்பெட்டிகளைக் கவனித்தவர் ஓர் எலக்ட்ரீஷியன். எல்லோருக்கும் அண்ணாச்சி. முன்பெல்லாம் காலையும் மாலையும் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து வருவார். வெப்பம் ஏறினால் அவர் போனில் அலாரம் அடிக்கும்படி எங்கள் அலுவலகம் மென்பொருள் செய்து கொடுத்த பிறகு, அந்தச் சுற்று தேவையில்லை என்று நிர்வாகம் நிறுத்திவிட்டது. “எனக்கு ஒரு சத்தமும் வரலம்மா. போனு கையிலதான் இருந்துச்சி,” என்று என்னிடம் சொன்னார். எங்கள் டீம் லீடர் அவர் முகத்தைப் பார்க்காமலே யார்டு மேனேஜரிடம், “சைலண்ட்ல போட்டுட்டு தூங்கிருப்பாரு சார். எங்க சிஸ்டம் பக்கா,” என்றார். மறுநாளிலிருந்து அண்ணாச்சிக்கு வேலை இல்லை.

அன்று மாலையே பில்ட் ஸ்கிரிப்ட்டைத் திறந்து பார்த்தேன். புதிய நிரலை உருவாக்கி, சோதித்து, யார்டு கணினிக்கு அனுப்பும் கட்டளைகளின் வரிசை அது. சோதனை தோற்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். ஆனால் லீடர், சோதனையின் முடிவை லாக் கோப்பில் எழுதிவைக்கும் கட்டளையை அதே வரியில் பைப் குறி போட்டு இணைத்திருந்தார். அப்படி இணைத்தால் ஸ்கிரிப்ட் கடைசிக் கட்டளை முடிந்ததா என்று மட்டுமே பார்க்கும். அலாரம் சோதனை தோற்றது என்று கோப்பில் எழுதும் வேலை ஒழுங்காக முடிந்தது. ஆகவே எல்லாம் வெற்றி என்று பச்சை எழுத்தில் காட்டிவிட்டு, அடிக்காத அலாரத்தை அனுப்பிவைத்துவிட்டது. அந்தக் கோப்பை யாரும் திறக்கவில்லை. நானும்தான்.

லீடரிடம் காட்டினேன். வடை தின்றுகொண்டிருந்தார். “ஒரு வரிதான, சரி பண்ணிரு. யாருக்கும் மெயில் போடாத. பழைய லாக அழிச்சிரு,” என்று எண்ணெய் விரலால் என் கீபோர்டைத் தட்டிக் காட்டினார். கீபோர்டைத் துடைத்தேன். கோப்பை அழிக்கவில்லை. ஆனால் பதினொரு நாள் வாயைத் திறக்கவும் இல்லை. அவர்மேல் வந்த அருவருப்பை யாரிடமும் சொல்லிவிடலாம். அந்தப் பதினொரு நாளை எப்படிச் சொல்வது?

பன்னிரண்டாம் நாள், மாப்பிள்ளையூரணியில் இருந்த அண்ணாச்சி வீட்டுக்கு அந்தக் கோப்பைத் தாளில் அச்சடித்துக் கொண்டுபோனேன். கண்ணாடி போட்டு நிதானமாக வாசித்தார்.

“இது ஒனக்கு எப்பம் தெரியும்?”

“அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி.”

தாளை மடித்துத் திருப்பித் தந்தார். “இத எங்கிட்ட தந்து என்ன செய்ய. கேக்க வேண்டியவங்ககிட்ட போயி குடு.”

நேராக யார்டுக்குப் போய் மேனேஜரிடம் கொடுத்தேன். அண்ணாச்சியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். “ரெண்டு நேரமும் சுத்திப் பாக்க விடுவியன்னா வாரேன்,” என்று சொல்லிவிட்டே வந்தார். லீடர் ராஜினாமா செய்து, சென்னையில் இதைவிடப் பெரிய பதவிக்குப் போனார்.

இப்போது ஸ்கிரிப்ட்டுகள் என் பொறுப்பு. வேண்டுமென்றே ஒரு சோதனையைத் தோற்கவிட்டு, ஸ்கிரிப்ட் நிற்கிறதா என்று பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. சென்ற மாதம் அலுவலகத்தின் பழைய வாட்ஸ்அப் குழுவில் லீடர் ஒரு படம் போட்டிருந்தார். ஏதோ கல்லூரி மேடையில், மென்பொருள் தரம் பற்றிப் பேசுகிறார். எல்லோரும் கைதட்டும் குறி போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். அரை மணி நேரம் கழித்து அழிக்கப் போனபோது, அவர் அதற்குள் என் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்திருந்தார்.