பிள்ளையாருக்குப் பாதி விலை

அபிராமபுரத்தில் எங்கள் சின்ன அலுவலகத்தில் அவள் எனக்குப் பக்கத்து நாற்காலி. ஆற்றங்கரையிலிருந்த அவள் வீட்டை இடித்து ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். தினமும் பஸ் மாறி மாறி வருவாள். புருஷனுக்கு வேலை போய்விட்டது, இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. தி. நகர் ஜவுளிக்கடைக்கு அவள் செய்த புடவை இணையப் பக்கம் கடைக்காரருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு கும்பிடு என்று எங்கள் முதலாளி சொல்லிவிட்டார். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலை ஒன்றும் பெரிய மந்திரமில்லை. இணையப் பக்கத்தில் ஒரு பட்டியலுக்குள் இருப்பவையெல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. பக்கத்தின் அலங்காரத்தை எழுதும் சி.எஸ்.எஸ் மொழியில் அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. மூத்ததுக்கு இது, கடைக்குட்டிக்கு இது, மூன்றுக்கு ஒன்று இப்படி என்று இடத்தைச் சொன்னால் போதும். தினமும் புடவையை மாற்றினாலும் அலங்காரம் தானாக அமையும். முதலில் நிற்கும் புடவைக்கு ‘இன்று பாதி விலை’ என்று சிவப்புப் பட்டை போட்டிருந்தாள். மூன்றாவதாக வருகிற ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பின்னணி. கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

அவளோடு நானும் காட்டப் போன அன்று கடைக்கார அண்ணாச்சி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பெரிய திரையில் பக்கத்தைத் திறந்தார். முதல் கட்டத்தில் பிள்ளையார். அவர் தொந்தியின் குறுக்கே சிவப்புப் பட்டை: ‘இன்று பாதி விலை.’

ஐயோ! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“என்னம்மா செஞ்சு வச்சிருக்கிய? பிள்ளையாரப்பனையே பாதி விலைக்கு விக்கிறியளா?”

“நாங்க சாமி படமே வெக்கலியே அண்ணாச்சி” என்றாள் அவள்.

“நாந்தான் காலையில ஏத்துனேன். பிள்ளையாரை முன்ன வைக்காம இந்தக் கடையில ஒரு மூட்டை பிரிச்சதில்ல.”

விஷயம் புரிந்துவிட்டது. புடவைப் படங்களை ஏற்றும் அதே இடத்தில், எல்லாவற்றுக்கும் முன்னால், பிள்ளையாரையும் ஏற்றியிருக்கிறார். வரிசையில் மூத்தவர் அவராகிவிட்டார். பட்டை மூத்தவருக்குத்தானே போகும்! அது ஆளைப் பார்க்காது, இடத்தைத்தான் பார்க்கும். மஞ்சளும் இடம் மாறி வேறு புடவைகளில் விழுந்திருந்தது.

“பட்டையை ரெண்டாவதுக்கு மாத்திடு” என்று அவள் காதில் சொன்னேன்.

“வேணாக்கா. நாளைக்கு இவரு சாமிய வெக்க மறந்துட்டா? அப்பவும் தப்பாத்தான் வரும்.”

அது அண்ணாச்சி காதில் விழுந்துவிட்டது. “அப்ப சாமிய எடுக்கச் சொல்லுதியளா?” என்று குரலை உயர்த்தினார். கடை ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போச்சுடா, வேலை போச்சு என்றே நினைத்தேன்.

அவள் எழுந்து நின்றாள். “எடுக்கச் சொல்லல அண்ணாச்சி. உங்க கடையில சாமி எங்க கீது? புடவை அடுக்குலயா கீது?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கல்லாவுக்கு மேலே, தனி மாடத்தில், பூவும் விளக்குமாக உட்கார்ந்திருந்தார் பிள்ளையார்.

“அதான். இங்கயும் மேல தனியா உக்கார வெச்சுர்றேன். புடவையோட வரிசைல நிக்க வேணாம்.”

பட்டியலுக்கு வெளியே, அதற்கு மேலே, பிள்ளையாரை வைத்தாள். பட்டை முதல் புடவைக்குப் போய்ச் சேர்ந்தது, மஞ்சளும் பழைய இடத்துக்கு வந்தது. எழுதியிருந்த விதியில் ஓர் எழுத்தைக்கூட அவள் தொடவில்லை.

அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் எங்கள் முதலாளியைப் போனில் பிடித்தார். “வேட்டிப் பக்கத்தையும் இந்தம்மாவே செய்யட்டும். வேற ஆளை அனுப்புனா நான் ஒத்துக்கிட மாட்டேன்.”

“சரிங்கண்ணாச்சி, அவங்க இனிமே இங்கதான்” என்று முதலாளி சொன்னது ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

வெளியே ஹாரன் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு புருஷனைக் கூப்பிட்டாள். “வேலை கீதுய்யா” என்றாள். போனை என் கையில் திணித்துவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்து தேம்பினாள்.

“இன்னாம்மே, அழுவுறியா? இன்னா ஆச்சு?” என்று போனில் அவர் பதறினார்.

“ஒண்ணுமில்லீங்க, வேலை நிரந்தரமாயிடுச்சு. கொஞ்சம் அழட்டும்” என்றேன். அந்தப் பக்கம் அவரும் அழ ஆரம்பித்துவிட்டார்.