கருவாட்டின் மேல் விழுந்த பழி

அடுத்தவர் தழும்பைப் பார்த்து, இது உங்கள் வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்பதுதான் என் உத்தியோகம். கேள்வித்தாளும் கையுமாக முன்பின் தெரியாத வாசலில் நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி.

சிலருக்குக் காயம் ஆறிய பிறகும் தழும்பு அடங்காமல் தடித்து வளர்ந்துகொண்டே போகும். கீலாய்டு என்பார்கள். அரிப்பும் வலியும் வேறு. தொற்றாது, புற்றுநோயும் இல்லை. ஆனால் சில குடும்பங்களைப் பிடித்தால் விடாது. அது எந்த ஜீனின் வேலை என்று தேடும் குழுவில் இருக்கிறேன். குழுவுக்குத் தலைவர், பதுளையில் இருக்கும் யாழ்ப்பாணத்து டாக்டர். தேயிலைத் தோட்டம் தோட்டமாக மலை ஏறுவது நான். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

சிவப்பு எச்சில்

ஜீனைப் பார்க்க எச்சில் போதும். சின்னக் குழாயில் துப்பித் தர வேண்டும். அதற்கு முன் எதுவும் சாப்பிடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்வேன். ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே காத்திருந்து வாங்கினேன். பாதிக் குழாய்கள் சிவப்பு. எல்லாம் வெற்றிலை. சாப்பிட வேண்டாம் என்றேனே என்று ஒரு அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல மிஸ். பசி தெரியாம இருக்கத்தான் வெத்தல போட்டேன்."

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்

பசறைக்கு மேலே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயத்தில் தமயந்தியைச் சந்தித்தேன். கொழுந்து எடுப்பவர். இரண்டு காது மடலிலும் நெல்லிக்காய் அளவுத் தழும்பு. முடியை இழுத்து மூடியிருந்தார். பதினொரு வயதில் காது குத்தியபோது வந்ததாம். புண் ஆறுவதற்குள் கருவாடு தின்றதால் வந்த வினை என்று வீட்டில் அன்று தொடங்கிய திட்டு இன்னும் ஓயவில்லை. தின்றது உண்மைதானாம், அடுப்படியில் ஒரே ஒரு துண்டு. இப்போது அவருக்குப் பத்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை. அடுத்த மாதம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்தாயிற்று. குழந்தையின் காதும் தன் காது மாதிரி ஆகிவிடுமோ என்று அவருக்குத் தூக்கமே இல்லை.

யார் யாருக்கு இருக்கிறது என்று கேட்டு, பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்று குடும்பத்தை வரைந்தேன். தாத்தாவின் தோளில் இருந்தது, ஊசி போட்ட கோளாறு. அம்மாவின் கையில் இருப்பது, சுடுதண்ணீர் பட்ட கோளாறு. சித்திக்குச் செருப்புக் கடித்ததாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காரணம் வைத்திருந்தார்கள். தழும்பு உள்ள எல்லாரையும் ஒரே தாளில் கறுப்படித்துக் காட்டினேன். தமயந்தி கறுத்தவற்றை விரல் வைத்து எண்ணினார்.

"இத்தன பேருமா மிஸ் கருவாடு தின்னாங்க?"

நேரான கேள்வி

அடுத்த வாரம் வேலைக்குப் போகாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பதுளைக்கே வந்துவிட்டார். இவளுக்கும் வருமா வராதா, எச்சிலைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். ஜீனே இன்னும் அகப்படவில்லையே. டாக்டர் கையை விரித்துவிடுவாரோ என்று எனக்குப் படபடப்பு. அவர் குழந்தையின் காதை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"வரும் எண்டும் சொல்ல ஏலாது, வராது எண்டும் சொல்ல ஏலாது. ஆனா காயப்படுத்தாத காதில தழும்புக்கு என்ன வேலை, பிள்ளை?"

தாய்மாமன் மடி

காது குத்தாமல் விடத் தமயந்தியின் கணவர் சம்மதித்தார். சிக்கல் தமயந்தியின் தம்பி சந்திரனால் வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவது வழக்கம். தோடும் அவர் கொண்டுவரும் சீர். தோடு செய்தாகிவிட்டது. வேண்டாம் என்றால் அவரை அவமதித்த மாதிரி என்று, குத்துவதாகவே முடிவாயிற்று. இதற்கிடையில் சந்திரன் தனியாக என்னிடம் வந்து சட்டையைத் திறந்து காட்டினார். பரு வந்த இடமெல்லாம், நெஞ்சு முழுக்க அதே தழும்பு. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அக்காவுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ரகசியம் காப்போம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவள் நான். வாயைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். தமயந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். சந்திரனுக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் முன்வரிசையில் இருந்தார்கள். சந்திரன் ஆசாரியின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பெண் வீட்டார் எழுந்து போகவில்லை, பந்தியில் இரண்டாம் தடவை பாயாசம் கேட்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடத்தில் அது யாருக்கும் தெரியாது. சந்திரன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அக்கா மேல தப்பில்ல. இது எங்க ரத்தத்துல வர்றது, எனக்கும் இருக்கு. நான் கொண்டாந்த தோட்ட சங்கிலில கோத்துக் கழுத்துல போடுங்க, புள்ள காத விட்டுருங்க."

எங்கள் ஆராய்ச்சியின் முடிவு வர இன்னும் எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது, அதற்குள் ஒரு குடும்பம் அதை அமல்படுத்திவிட்டது.